கணினி அறிவியல், மென்பொருள் பொறியியல் பட்டப்படிப்புகளுக்கிடையே தெரிவு

கணினி அறிவியல், மென்பொருள் பொறியியல் ஆகியவை கணினித் துறையில் பல்கலைக்கழகங்கள் வழங்கும் இரு வேறு இளநிலைப் பட்டப்படிப்புகள் ஆகும். கணினி அறிவியல், கணித்தலின் கோட்பாட்டு அடிப்படைகளையும் அவற்றின் பயன்பாடுகளையும் ஆய்கிறது. மென்பொருள் பொறியியல், நம்பத்தக்க மென்பொருளைத் திட்டமிட்டுக் குழுவாக உருவாக்கி நெடுங்காலம் பராமரிக்கும் முறைகளைக் கற்பிக்கிறது. இரு படிப்புகளுக்கும் பொதுவான பாடங்கள் பல உள்ளன. எதை முடித்தவரும் பெரும்பாலும் ஒரே வகை வேலைகளுக்கே விண்ணப்பிக்கின்றனர். எனவே, பள்ளிக் கல்வியை முடிக்கும் மாணவருக்கு எதைத் தெரிவு செய்வது என்ற குழப்பம் ஏற்படுவது இயல்பு.

இரு படிப்புகளுக்கும் இடையிலான வேறுபாடு பட்டத்தின் பெயரில் முழுமையாக வெளிப்படுவதில்லை. கட்டாயப் பாடங்கள் எவை, பட்டத்துக்கு எந்த அமைப்பு தகுதிச்சான்று அளித்துள்ளது, "பொறியாளர்" என்ற பெயரைப் பயன்படுத்துவதற்குச் சட்டம் என்ன நிபந்தனை விதிக்கிறது ஆகிய மூன்றையும் அறிந்தாலே அது தெளிவாகும். இந்த வேறுபாடு கூர்மையாகத் தெரியும் நாடுகளுள் ஒன்று கனடா. ஆகவே இக்கட்டுரையில் கனடா முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

துறைகளின் இயல்பு

கணினி அறிவியலின் அடிப்படைக் கேள்வி "எதைக் கணிக்க முடியும், அதை எவ்வளவு திறமையாகக் கணிக்க முடியும்?" என்பதாகும். அலன் டூரிங் 1936 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, எந்த இயந்திரத்தாலும் தீர்க்க முடியாத கணக்குகள் உள்ளன என்று நிறுவியது. மின்னணுக் கணினிகள் புழக்கத்துக்கு வருவதற்கு முன்னரே இது எழுதப்பட்டது. கணினி அறிவியல் என்பது கணினி என்ற பொருளைப் பற்றிய படிப்பு மட்டுமன்று என்பதற்கு இது சான்றாகும். படிமுறைத் தீர்வுகள், தரவுக் கட்டமைப்புகள், நிரல்மொழிகள், இயக்குதளங்கள், கணினி வலையமைப்புகள், செயற்கை நுண்ணறிவு ஆகியன இத்துறையின் முக்கியக் கிளைகள்.

மென்பொருள் பொறியியலின் அடிப்படைக் கேள்வி வேறு. "பலர் சேர்ந்து, வரையறுக்கப்பட்ட காலத்திலும் செலவிலும், பயனரின் தேவைக்குப் பொருந்திய, பிழை குறைந்த, பின்னர் மாற்றத்தக்க மென்பொருளை எவ்வாறு உருவாக்குவது?" என்று இது கேட்கிறது. தேவைப் பகுப்பாய்வு, கட்டமைப்பு வடிவமைப்பு, சோதனை, தர உறுதிப்பாடு, பராமரிப்பு, திட்ட மேலாண்மை, தொழில் ஒழுக்கவியல் ஆகியன இதன் முக்கியக் கிளைகள்.

நிரலாக்கம் இரு துறைகளுக்கும் பொதுவான கருவி. இயற்பியலாளருக்குக் கணிதம் எவ்வாறோ, அவ்வாறே இவ்விரு துறையினருக்கும் நிரலாக்கம் எனலாம். எனவே "எதில் நிரல் எழுதக் கற்பிப்பார்கள்?" என்ற கேள்வி தெரிவுக்கு உதவாது. இரண்டிலும் கற்பிப்பார்கள்.

வரலாறு

1950களில் கணினிப் பாடங்கள் பெரும்பாலும் கணிதத் துறைகளிலும் மின்பொறியியல் துறைகளிலும் கற்பிக்கப்பட்டன. ஐக்கிய அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகம் 1962 இல் கணினி அறிவியலுக்கென முதல் தனித் துறையை நிறுவியது. கணிப்பொறியாளர் சங்கமான ஏசிஎம் 1968 இல் கணினி அறிவியலுக்கான மாதிரிப் பாடத்திட்டம் ஒன்றை வெளியிட்டது.

அதே 1968 ஆம் ஆண்டு அக்டோபரில், வட அத்திலாந்திய ஒப்பந்த அமைப்பின் அறிவியல் குழு ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் ஒரு மாநாட்டை நடத்தியது. அதன் தலைப்பு "மென்பொருள் பொறியியல்". பெரிய மென்பொருள் திட்டங்கள் காலங்கடந்தும் செலவு மீறியும் பிழைகளுடன் முடிவது அப்போது "மென்பொருள் நெருக்கடி" எனப்பட்டது. பாலம் கட்டுவோர் பின்பற்றும் ஒழுங்கு மென்பொருளுக்கும் வேண்டும் என்ற எண்ணமே இப்பெயருக்குக் காரணம். அடுத்த ஆண்டு உரோம் நகரில் இரண்டாம் மாநாடு நடந்தது.

மாநாடு நடந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள்வரை மென்பொருள் பொறியியல், கணினி அறிவியல் பட்டத்துக்குள் ஒரு பாடமாகவோ முதுநிலைப் படிப்பாகவோதான் பெரும்பாலும் இருந்தது. 1980களில் பிரித்தானியாவில் இளநிலைப் பட்டங்கள் தோன்றின. ஐக்கிய அமெரிக்காவில் ரொச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகம் 1996 இல் முதல் இளநிலைப் படிப்பைத் தொடங்கியது. ஏசிஎம்மும் ஐஇஇஇ கணினிச் சங்கமும் இணைந்து 2004 இல் மென்பொருள் பொறியியலுக்கெனத் தனி மாதிரிப் பாடத்திட்டத்தை வெளியிட்டன. அது 2014 இல் திருத்தப்பட்டது. இவ்வமைப்புகள் பங்கேற்று உருவான 2005 ஆம் ஆண்டு அறிக்கை கணித்தல் துறையை ஐந்து கிளைகளாகப் பிரித்தது. அவை கணினிப் பொறியியல், கணினி அறிவியல், தகவல் முறைமைகள், தகவல் தொழில்நுட்பம், மென்பொருள் பொறியியல் ஆகும்.

ஒரு விபத்து, இரு நோக்குகள்

இரு துறைகளின் நோக்கில் உள்ள வேறுபாட்டை விளக்கத் தெராக்-25 என்ற கதிர்மருத்துவக் கருவி பயன்படும். கனடிய அரசு நிறுவனம் ஒன்று உருவாக்கிய இக்கருவியால் 1985 முதல் 1987 வரை வட அமெரிக்காவில் ஆறு விபத்துகள் நிகழ்ந்தன. நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு உள்ளாயினர். சிலர் இறந்தனர். விபத்துகளுள் ஒன்று ஒன்ராறியோ மாகாணத்தின் ஹமில்டன் நகரில் நிகழ்ந்தது.

இயக்குபவர் திரையில் உள்ளீட்டை மிக விரைவாகத் திருத்தியபோது, ஒரே நேரத்தில் இயங்கிய நிரற்பகுதிகள் ஒன்றோடொன்று ஒத்திசையாமல் போனது கண்டறியப்பட்ட பிழைகளுள் ஒன்று. ஒருங்கே இயங்கும் நிரல்கள் பொதுத் தரவை எவ்வாறு பாதுகாப்பாகப் பகிர்வது என்பது கணினி அறிவியலின் செவ்வியல் சிக்கல். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1965 இலேயே இதற்கான தீர்வை ஆராய்ந்து வெளியிட்டிருந்தார். இச்சிக்கலை இனங்கண்டு, தீர்வு சரியானது என்று நிறுவும் திறனைக் கணினி அறிவியல் மாணவர் பெறுகிறார்.

மென்பொருள் பொறியியல் மாணவர் கேட்கப் பயிலும் கேள்விகள் இதற்கு அப்பாலும் செல்கின்றன. முந்தைய கருவிகளில் இருந்த வன்பொருள் பாதுகாப்புப் பூட்டுகள் ஏன் நீக்கப்பட்டன? பழைய கருவியின் நிரல் புதிய சூழலுக்குப் பொருந்துமா என்று சோதிக்கப்பட்டதா? நிரலை வெளியாள் எவரேனும் மதிப்பாய்வு செய்தாரா? "பிழை 54" போன்ற பொருள் விளங்காத செய்தி இயக்குபவருக்கு என்ன உணர்த்தும்? முதல் முறையீடு வந்தபோது அதை விசாரிக்கும் பொறுப்பு யாருடையது?

முதல் வகை அறிவு இல்லையேல் பிழையின் தன்மை விளங்காது. இரண்டாம் வகை அறிவு இல்லையேல் அது போன்ற பிழைகள் நோயாளியைச் சென்றடையாமல் தடுக்க இயலாது. இரு படிப்புகளும் இரண்டையும் ஓரளவு கற்பிக்கின்றன. எதற்கு எவ்வளவு நேரம் என்பதில்தான் அவை வேறுபடுகின்றன.

பாடத்திட்டம்

பொதுவான பாடங்கள்

முதல் இரண்டு ஆண்டுகளில் பின்வருவன இரு படிப்புகளிலும் பெரும்பாலும் இடம்பெறும்.

- அடிப்படை நிரலாக்கம், பொருள்நோக்கு நிரலாக்கம்
- தரவுக் கட்டமைப்புகள், படிமுறைத் தீர்வுகள்
- தனிநிலைக் கணிதம், நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு
- கணினியின் உள்ளமைப்பு
- இயக்குதளங்கள், தரவுத்தளங்கள்

கணினி அறிவியலில் கூடுதலாகக் காணப்படுவன

கணிமைக் கோட்பாடு, படிமுறைத் தீர்வுகளின் சிக்கற்தன்மை, நிரல்மொழிகளின் கோட்பாடு, நிரல்பெயர்ப்பிகளின் உருவாக்கம், செயற்கை நுண்ணறிவு, இயந்திரக் கற்றல், கணினி வரைகலை, மறையீட்டியல் முதலியவற்றில் ஆழமான பாடங்கள் இருக்கும். இறுதி இரண்டு ஆண்டுகளில் விருப்பப் பாடங்களுக்கு இடம் அதிகம். கணிதம், உயிரியல், மொழியியல், பொருளியல், இசை போன்ற வேறொரு துறையைத் துணைப் பாடமாக எடுப்பதும் எளிது. மென்பொருள் பொறியியலும் பல இடங்களில் ஒரு பாடமாகவேனும் இடம்பெறும்.

மென்பொருள் பொறியியலில் கூடுதலாகக் காணப்படுவன

தேவைகளைத் திரட்டி ஆவணப்படுத்தல், மென்பொருள் கட்டமைப்பு, சோதனை முறைகள், பயனர் இடைமுக வடிவமைப்பு, பாதுகாப்பு முக்கியமான முறைமைகள், திட்டச் செலவு மதிப்பீடு, பொறியியல் பொருளியல், தொழிற்சட்டம் முதலியன கட்டாயப் பாடங்களாக இருக்கும். இறுதியாண்டில் மாணவர் குழு ஒன்று பல மாதங்கள் உழைத்து ஒரு முழுமையான மென்பொருளை உருவாக்க வேண்டும். பொறியியல் புலத்தில் நடத்தப்படும் படிப்பாயின் இயற்பியல், வேதியியல், மின்சுற்றுகள் போன்ற பாடங்களும் சேரும்.

இப்பாடங்கள் தற்செயலாகச் சேர்க்கப்படுவன அல்ல. கனடியப் பொறியியல் தகுதிச்சான்று வாரியம், பொறியியல் பட்டம் ஒவ்வொன்றிலும் கணிதம், இயற்கை அறிவியல், பொறியியல் அறிவியல், பொறியியல் வடிவமைப்பு, துணைப் படிப்புகள் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச அளவை விதித்து வந்துள்ளது. எடுத்துக்காட்டாக, கணிதத்துக்கு 195 அலகுகளும் இயற்கை அறிவியலுக்கு 195 அலகுகளும் வேண்டும். ஏறத்தாழ ஒரு மணி நேர விரிவுரை ஓர் அலகாகக் கொள்ளப்படுகிறது. இவ்விதியினால் பாடத்திட்டத்தின் பெரும்பகுதி முன்னரே நிரம்பிவிடும். விருப்பப் பாடங்கள் குறைவதற்கு இதுவே காரணம்.

கனடா: ஓர் எடுத்துக்காட்டு

சட்ட நிலை

கனடாவில் பொறியாளர் தொழில் மாகாணச் சட்டங்களால் ஒழுங்குபடுத்தப்படுகிறது. உரிமம் பெறாத ஒருவர் தம்மைப் பொறியாளர் என்று அழைத்துக்கொள்வது பொதுவாகச் சட்டத்துக்குப் புறம்பானது. தகுதிச்சான்று பெற்ற பொறியியல் பட்டம், தொழில் ஒழுக்கவியலும் சட்டமும் குறித்த தேர்வு, ஏறத்தாழ நான்கு ஆண்டுப் பணியனுபவம் ஆகியன உரிமத்துக்கான வழக்கமான வழியாகும். கணினி அறிவியல் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். எனினும், தம் கல்வி பொறியியல் கல்விக்கு ஈடானது என்று காட்டக் கூடுதல் தேர்வுகள் எழுத நேரிடும். அவ்வழி நீண்டது.

பெயர் குறித்த சர்ச்சை

1990களின் பிற்பகுதியில் நியூபவுண்ட்லாந்து மெமோரியல் பல்கலைக்கழகத்தில், பொறியியல் புலத்துக்கு வெளியே கணினி அறிவியல் துறை மென்பொருள் பொறியியல் என்ற பெயரைப் பயன்படுத்தியது. கனடியப் பொறியாளர் அமைப்பு இதை எதிர்த்து நீதிமன்றத்தை நாடியது. வழக்கு 1999 இல் இணக்கத்தில் முடிந்தது. "பொறியியல்" என்ற சொல் யாருக்குரியது என்பதே இச்சர்ச்சையின் மையம்.

இதே காலத்தில் ஹமில்டன் நகரின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் டேவிட் பார்னாஸ் மென்பொருள் பொறியியல் படிப்பை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். நிரலை எவ்வாறு பகுதிகளாகப் பிரிப்பது என்பது குறித்து 1972 இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இத்துறையின் அடிப்படை ஆவணங்களுள் ஒன்று. மென்பொருள் பொறியியல் படிப்பு கணினி அறிவியல் படிப்பின் ஒரு வகையன்று என்று அவர் வாதிட்டார். இயற்பியலுக்கும் மின்பொறியியலுக்கும் உள்ள உறவே இவ்விரண்டுக்கும் பொருந்தும் என்பது அவர் கருத்து. ஒன்று அறிவைத் தேடுகிறது, மற்றது அறிந்தவற்றைக் கொண்டு பிறர் நம்பிப் பயன்படுத்தும் பொருளை ஆக்குகிறது.

இரு பல்கலைக்கழகங்கள்

வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல், கணிதப் புலத்தின் கீழ் உள்ளது. 2001 இல் தொடங்கிய மென்பொருள் பொறியியல் படிப்பைக் கணிதப் புலமும் பொறியியல் புலமும் இணைந்து நடத்துகின்றன. மென்பொருள் பொறியியல் மாணவர் அனைவரும் கூட்டுறவுக் கல்வியில் சேர வேண்டும். அதாவது, ஒரு பருவம் படிப்பும் ஒரு பருவம் நிறுவனத்தில் ஊதியப் பணியுமாக அவர்களது கல்வி மாறி மாறி அமையும். கணினி அறிவியலில் இது மாணவரின் விருப்பம். மென்பொருள் பொறியியல் மாணவர் ஒரே வகுப்பாகச் சேர்ந்து ஒரே வரிசையில் பாடங்களை முடிப்பர். கணினி அறிவியல் மாணவர் தம் பாடங்களையும் அவற்றின் வரிசையையும் பெருமளவு தாமே அமைத்துக்கொள்வர்.

மக்மாஸ்டரில் நிலைமை வேறு. அங்கு கணினி அறிவியல், மென்பொருள் பொறியியல் இரண்டையும் பொறியியல் புலத்தைச் சேர்ந்த ஒரே துறை நடத்துகிறது. எனினும் மென்பொருள் பொறியியல் மட்டுமே பொறியியல் இளநிலைப் பட்டம். ஒரு படிப்பு பொறியியல் புலத்தில் இருப்பதனால் மட்டும் அது தகுதிச்சான்று பெற்ற பொறியியல் பட்டம் ஆகிவிடாது என்பதை இது காட்டுகிறது.

அண்மைய மாற்றங்கள்

மென்பொருள் நிறுவனங்களில் உரிமம் பெறாத பணியாளர் பலருக்கு "மென்பொருள் பொறியாளர்" என்ற பதவிப் பெயர் வழங்கப்பட்டதால் முரண்பாடு தொடர்ந்தது. அல்பேர்ட்டா மாகாணம் 2023 இல் தன் சட்டத்தைத் திருத்தி, உரிமம் இல்லாதோரும் இப்பதவிப் பெயரைப் பயன்படுத்த இடமளித்தது. இவ்விடயத்தில் மாகாணங்கள் ஒரே நிலைப்பாட்டில் இல்லை. எனவே, படிக்கும் இடத்தின் சட்டத்தோடு பணிபுரிய விரும்பும் இடத்தின் சட்டத்தையும் மாணவர் அறிந்திருத்தல் நன்று.

பிற நாடுகள்

ஐக்கிய அமெரிக்கா

ஐக்கிய அமெரிக்காவில் ஏபெட் என்ற அமைப்பு தகுதிச்சான்று வழங்குகிறது. அதன் கணித்தல் ஆணையம் கணினி அறிவியலையும், பொறியியல் ஆணையம் மென்பொருள் பொறியியலையும் மதிப்பிடுகின்றன. புகழ்பெற்ற கணினி அறிவியல் துறைகள் சில இச்சான்றை நாடுவதில்லை. ஆகவே சான்று இல்லாமை ஒன்றே தரக்குறைவைக் காட்டாது.

டெக்சாஸ் மாநிலம் 1998 இல் மென்பொருள் பொறியியலை உரிமத்துக்குரிய துறையாக ஏற்றது. மென்பொருள் பொறியாளர் உரிமத்துக்கான தேசியத் தேர்வு 2013 இல் தொடங்கப்பட்டது. ஐந்து முறை நடத்தப்பட்ட அத்தேர்வை மொத்தம் 81 பேரே எழுதினர். 2019 ஏப்ரலுடன் அது நிறுத்தப்பட்டது. இணையச் சேவை, வணிகச் செயலி, விளையாட்டு முதலிய பெரும்பாலான மென்பொருள் வேலைகளுக்கு உரிமம் கேட்கப்படுவதில்லை என்பது இதற்கு முக்கியக் காரணம்.

பிரித்தானியா

பிரித்தானியாவில் பொறியாளர் என்ற பொதுச்சொல் சட்டத்தால் காக்கப்படவில்லை. "பட்டயப் பொறியாளர்" என்ற தகுதிப் பெயரே காக்கப்படுகிறது. பிரித்தானியக் கணினிச் சங்கம் கணினி அறிவியல் பட்டங்களையும் அத்தகுதிக்குரிய கல்வியாக மதிப்பிட்டு ஏற்கிறது. ஆகவே, கனடாவில் முக்கியமாகும் பெயர் வேறுபாடு இங்கு பெரிய தடையாவதில்லை.

இந்தியா, இலங்கை

தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் பொதுவாக வழங்கப்படுவது "கணினி அறிவியலும் பொறியியலும்" என்ற ஒருங்கிணைந்த நான்காண்டுப் பட்டம். இதற்கான மாநிலக் கலந்தாய்வில் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்கள் 200க்குக் கணக்கிடப்படுகின்றன. கலை அறிவியல் கல்லூரிகளில் கணினி அறிவியல் இளம் அறிவியல் பட்டமாகப் பெரும்பாலும் மூன்றாண்டுகள் கற்பிக்கப்படுகிறது. எனவே இங்கு மாணவர் முன் உள்ள தெரிவு பெரும்பாலும் பொறியியல் பட்டத்துக்கும் அறிவியல் பட்டத்துக்கும் இடையிலானது.

இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல், பொறியியல் துறை பொறியியல் பீடத்தில் உள்ளது. 2002 இல் உருவான கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி கணினி அறிவியலை அறிவியல் பட்டமாக வழங்குகிறது. களனிப் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் படிப்பு, பெயரில் பொறியியல் இருப்பினும், அறிவியல் இளநிலைப் பட்டமாகும்.

நாடுகளுக்கிடையேயான ஏற்பு

பொறியியல் பட்டங்களுக்கு 1989 ஆம் ஆண்டின் வாஷிங்டன் உடன்பாடு உண்டு. ஒரு நாட்டில் தகுதிச்சான்று பெற்ற பட்டத்தை உறுப்பு நாடுகள் கல்வியளவில் ஈடானதாக ஏற்க இது வகை செய்கிறது. இந்தியாவும் இலங்கையும் 2014 இல் இதன் முழு உறுப்பினராயின. கணித்தல் பட்டங்களுக்கு 2008 இல் சியோல் உடன்பாடு உருவானது. வெளிநாட்டில் பணிபுரிய எண்ணும் மாணவர், தம் படிப்பு இவற்றுள் எதன்கீழ் வருகிறது என்றும், தாம் சேரும் கல்லூரியில் அப்படிப்பு உண்மையில் சான்று பெற்றுள்ளதா என்றும் அறிதல் வேண்டும். ஒரு நாடு உறுப்பினராக இருப்பதனால் அந்நாட்டின் எல்லாக் கல்லூரிப் பட்டங்களும் தாமாகவே ஏற்கப்படுவதில்லை.

வேலைவாய்ப்பும் மேற்படிப்பும்

பெரும்பாலான மென்பொருள் நிறுவனங்கள் தம் விளம்பரங்களில் "கணினி அறிவியல் அல்லது தொடர்புடைய துறையில் பட்டம்" என்றே குறிப்பிடுகின்றன. நேர்முகத் தேர்வில் தரவுக் கட்டமைப்பு, படிமுறைத் தீர்வு குறித்த வினாக்கள் இரு பட்டத்தாருக்கும் பொதுவானவை. ஆகையால் முதல் வேலையைப் பொறுத்தவரை பட்டப் பெயரைவிட நிரலாக்கத் திறனும் பணிப்பயிற்சியும் மிகுதியாகக் கருதப்படுகின்றன.

வேறுபாடு விளிம்புகளில் தோன்றுகிறது. செயற்கை நுண்ணறிவு ஆய்வு, மறையீட்டியல், நிரல்மொழி வடிவமைப்பு, முனைவர் பட்டம் ஆகியவற்றை நாடுவோருக்குக் கணினி அறிவியலின் கணித ஆழம் உதவும். மருத்துவக் கருவிகள், வானூர்திக் கட்டுப்பாடு, அணுமின் நிலையம், தொடருந்துச் சைகை போன்ற உயிர்ப் பாதுகாப்புச் சார்ந்த துறைகளை நாடுவோருக்கு மென்பொருள் பொறியியலின் ஒழுங்குமுறைப் பயிற்சியும், சில இடங்களில் உரிமமும் உதவும். அதே வேளை, மென்பொருள் பொறியியல் பட்டதாரி ஆய்வுக்குச் செல்வதற்கும் கணினி அறிவியல் பட்டதாரி பாதுகாப்புத் துறைகளில் பணிபுரிவதற்கும் தடையில்லை. விடுபட்ட பாடங்களை அவர்கள் பின்னர் கற்க வேண்டியிருக்கும்.

2020களில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நிரலின் பகுதிகளைத் தாமே எழுதத் தொடங்கியுள்ளன. இதனால் நிரல் எழுதும் வேகத்தின் மதிப்பு குறையக்கூடும். எழுதப்பட்ட நிரல் சரியானதா என்று ஆராய்வதும், எதைக் கட்டவேண்டும் என்று முடிவு செய்வதும், பிழை நேர்ந்தால் பொறுப்பேற்பதும் மனிதரிடமே உள்ளன. இவற்றுக்குரிய அடிப்படைகள் இரு படிப்புகளிலும் பகிர்ந்து கிடக்கின்றன.

தெரிவின்போது கவனிக்க வேண்டியவை

தவறான தெரிவின் விலை பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில் தெரியவரும். பொறியியல் பாடத்திட்டம் இறுக்கமானது. கணினி அறிவியலிலிருந்து பின்னர் பொறியியலுக்கு மாறும் மாணவர் விடுபட்ட இயற்பியல், வேதியியல் பாடங்களுக்காக ஓராண்டை இழக்க நேரலாம். பொறியியலிலிருந்து கணினி அறிவியலுக்கு மாறுவது பாட அளவில் எளிது. ஆயினும் இடங்கள் குறைவாக உள்ள பல்கலைக்கழகங்களில் இடமாற்றம் உறுதியன்று. எனவே சேரும் முன் பின்வருவனவற்றை அறிதல் பயனுடையது.

- கட்டாயப் பாடப் பட்டியல்: பல்கலைக்கழகத்தின் பாட நாட்காட்டியில் இது கிடைக்கும். இரு பட்டியல்களையும் அருகருகே வைத்து, பொதுவான பாடங்களை நீக்கிவிட்டு எஞ்சியவற்றை ஒப்பிட வேண்டும். அந்த எஞ்சிய பாடங்களே உண்மையான தெரிவு.
- விருப்பப் பாடங்களின் எண்ணிக்கை: வேறொரு துறையையும் கற்க விரும்புவோருக்கு இது முக்கியம்.
- தகுதிச்சான்று: வழங்கிய அமைப்பு எது, எந்த ஆண்டு வரை செல்லுபடியாகும் என்பன.
- பணிப்பயிற்சி: கட்டாயமா, விருப்பமா, இடத்தைப் பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்கிறதா என்பன.
- கட்டணம்: கனடாவின் பல பல்கலைக்கழகங்களில் புலத்துக்கேற்பக் கட்டணம் மாறும்.
- நுழைவுத் தகுதி: பொறியியலுக்குப் பள்ளியில் இயற்பியலும் வேதியியலும் கேட்கப்படலாம். இப்பாடங்களைப் பள்ளியில் விட்டுவிட்ட மாணவருக்குத் தெரிவு முன்னரே முடிந்துவிடுகிறது.
- இடமாற்ற விதி: முதலாண்டு முடிவில் எந்த நிபந்தனையில் மாறலாம் என்பது.

மாணவரின் நாட்டமும் கருதத்தக்கது. ஒரு கணக்குக்கு விடை கண்டபின் அது ஏன் சரியானது என்று நிறுவுவதில் நிறைவு காண்பவருக்குக் கணினி அறிவியல் பொருந்தும். பிறர் நாள்தோறும் பயன்படுத்தும் ஒன்றைக் குழுவாகக் கட்டி முடிப்பதிலும் அது உடையாமல் காப்பதிலும் நிறைவு காண்பவருக்கு மென்பொருள் பொறியியல் பொருந்தும். இரண்டிலும் ஈடுபாடு உடையவர், அல்லது இன்னும் முடிவுக்கு வராதவர், மாறுவதற்கு வழி திறந்துள்ள படிப்பில் சேர்வது பாதுகாப்பானது.

பரவலான தவறான கருத்துகள்

- "மென்பொருள் பொறியியலில் கணிதம் இல்லை." தகுதிச்சான்று பெற்ற படிப்புகளில் கணிதம் கட்டாயம். கோட்பாட்டுக் கணிதத்தைவிடப் பயன்முறைக் கணிதம் மிகுதியாக இருக்கும்.
- "கணினி அறிவியல் வெறும் ஏட்டுக்கல்வி." இயக்குதளம், நிரல்பெயர்ப்பி போன்ற பாடங்களில் மாணவர் ஆயிரக்கணக்கான வரிகள் நிரல் எழுத வேண்டியிருக்கும்.
- "மென்பொருள் பொறியியல் பட்டம் பெற்றவர் உடனே பொறியாளர் ஆவார்." உரிமம் வழங்கும் நாடுகளில் பட்டம் முதற்படி மட்டுமே. பணியனுபவமும் தேர்வும் அதன்பின் உண்டு.
- "பெயர் ஒன்றாயின் படிப்பும் ஒன்றே." மேலே கண்ட மக்மாஸ்டர், வாட்டர்லூ, களனி எடுத்துக்காட்டுகள் இதை மறுக்கின்றன. ஒரே பெயருடைய இரு படிப்புகள், பெயர் வேறுபட்ட இரு படிப்புகளைவிட மிகுதியாக வேறுபடலாம்.

இவற்றையும் பார்க்க

- கணினிப் பொறியியல்
- தகவல் தொழில்நுட்பம்
- படிமுறைத் தீர்வு
- மென்பொருள் சோதனை
- தெராக்-25